ஒட்டுக் கட்டிய பாலிமர்: ஒரு திட மின்பகுளி எளிதான கதை

பெட்ரோலியம் ஈதர் நிறைந்த பீக்கரில் பாலிமர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். விழுந்த இடத்தில் பால் மாதிரி வெளுக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடியில் கோந்து போல ஒரு படிவு. கண்ணாடிக் குச்சியால் எடுக்கப் பார்த்தால், பலாப்பழம் அரிந்த கையில் பிசின் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுபடுகிறது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் தீப்பற்றும் திரவத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கப்போவது இதைத்தான். பேட்டரியின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் பொருள்தான் மின்பகுளி. 'திட மின்பகுளி' என்ற பெயரைக் கேட்டு, பீங்கான் வில்லையோ கண்ணாடிச் சில்லோ இருக்கும் என்று எதிர்பார்த்து ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களின் முகம் சுருங்கும் இடம் இது.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு வேலை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். பாலிமர் ஆராய்ச்சியாளர் ஆன் மேஸ், மின்வேதியியலாளர் டொனால்ட் சாடோவே இருவரும் தங்கள் மாணவர்களோடு 1990-களின் கடைசியில் தொடங்கினார்கள். சாடோவே ஆய்வகத்தில் 2013 வரைக்கும் அதன் தொடர்ச்சி வெளிவந்தது. பேட்டரி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேலையைக் கடத்துதிறன் எண்களுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் தயாரிப்பு முறையை எளிதாக்கிக்கொண்டே போனார்கள். மூலக்கூறின் வடிவத்தின் மீதிருந்த பிடியை ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினார்கள். கடத்துதிறனோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 1973-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஃபென்டன், பார்க்கர், ரைட் மூவரும் பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமருக்குள் கார உலோகங்களின் (லித்தியத்தின் குடும்பம்) உப்புகள் கரைவதைக் காட்டினார்கள். சுருக்கமாக பிஇஓ என்போம். உப்பைக் கரைக்கத் திரவம்தான் வேண்டும் என்றில்லை என்பது அங்கே தெரிந்தது. அதை பேட்டரிக்கான மின்பகுளியாகப் பயன்படுத்தலாம் என்று 1978-இல் முன்வைத்தவர் பிரான்ஸின் மிஷேல் அர்மான்.

பிஇஓவுக்குள் லித்தியம் எப்படி நகர்கிறது? வீட்டுக்குத் தளம் போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கலவை; சாரம் நெடுக ஆட்கள். யாரும் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆனாலும் சிமென்ட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிஇஓ சங்கிலியின் ஆக்சிஜன் அணுக்கள் அந்தக் கைகள். நாலைந்து ஆக்சிஜன்கள் ஒரு லித்தியம் அயனியைப் பிடித்திருக்கும்; சங்கிலி நெளியும்போது ஒரு பிடி விடும், அடுத்த பிடி விழும். சங்கிலி நெளிந்தால்தான் அயனி நகரும். பிஇஓவின் கஷ்டம் என்னவென்றால், அது சுமார் 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிகமாக உறைந்துவிடும். ஆட்கள் இருக்கிறார்கள், கையைக் கட்டிப்போட்டாயிற்று. அறை வெப்பநிலையில் கடத்துதிறன் 10⁻⁷ சீமென்ஸ்/செ.மீ. பக்கம் விழுந்துவிடுகிறது. கடையில் வாங்கும் திரவ மின்பகுளியில் அது 10⁻² அளவு. ஐந்து சுழியம் வித்தியாசம்.

படிகமாகாமல் தடுக்கச் சுலபமான வழி, நீளமான பிஇஓ சங்கிலியைத் துண்டு துண்டாக்குவது. ஒன்பது அலகு நீளத் துண்டுகளுக்கு வரிசையில் அடுக்கி நிற்கும் தெம்பு கிடையாது. ஆனால் வெறும் துண்டுகள் எண்ணெய் மாதிரி ஓடும். அதனால் அவற்றை ஒரு தண்டில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள், தென்னை மட்டையில் ஓலை தொங்குவதுபோல. தண்டு மெத்தாக்ரிலேட், ஓலை பிஇஓ துண்டு. இதற்கு எம்.ஐ.டி. குழு வைத்துக்கொண்ட சுருக்கப்பெயர் 'போயம்'. ஆங்கிலத்தில் கவிதை என்று படிக்க வரும் எழுத்துச் சேர்க்கை. வேண்டுமென்றே வைத்தார்களா, தானாக அமைந்ததா, எப்படியோ நிலைத்துவிட்டது.

சரி, போயம் அறை வெப்பநிலையில் படிகமாகாது, அயனியைக் கடத்தும். ஆனால் அதுவும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மெல்ல வழிந்து ஓரத்துக்குப் போய்விடும், அப்புறம் மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். வழியாமல் பிடித்து நிறுத்த இன்னொரு பாகம் வேண்டும். அந்தப் பாகம் போயத்தோடு கலக்கவும் கூடாது, பிரிந்து போகவும் கூடாது. எண்ணெயும் தண்ணீரும் மாதிரி ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டு பாலிமர்களை வேதிப் பிணைப்பால் கட்டிப்போட்டால், விலக நினைத்தாலும் முடியாமல் சில பத்து நானோமீட்டர் அளவில் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு திட்டு அயனியைக் கடத்தும், இன்னொரு திட்டு உருவத்தைக் காப்பாற்றும்.

முதல் கட்டத்தில் அவர்கள் செய்தது தொகுதி இணைபாலிமர், அதாவது சங்கிலியின் ஒரு பாதி முழுக்கப் போயம், மறு பாதி முழுக்க அயனியைக் கடத்தாத லாரில் மெத்தாக்ரிலேட். அதைச் செய்தது எதிரயனிப் பலபடியாக்கல் முறையில், அதாவது வளரும் முனையில் எதிர்மின் சுமையோடு சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் சங்கிலியாக்கும் முறையில். இது பாலிமர் வேதியியலின் சாஸ்திரிய சங்கீதம். சங்கிலி நீளம் ஒன்றுபோல வரும், தொகுதிகள் சுத்தமாக அமையும். ஆனால் கரைப்பானில் தண்ணீரின் வாசனை இருந்தாலே போச்சு. வளரும் சங்கிலி முனை செத்துவிடும். மெத்தாக்ரிலேட்டுகளுக்கு இந்த முறையில் உலர்பனிக் குளியலின் குளிர் வழக்கம், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. கண்ணாடிச் சாமான்களைத் தீயில் காய்ச்சி, வெற்றிடத்தில் ஆறவைத்து, ஆர்கான் அடைத்து என்று ஒரு நாள் முழுக்க ஆயத்தத்திலேயே போகும். 1999-இல் வெளியான அவர்களின் கட்டுரை, ரப்பர் போன்ற அந்தப் படலத்தின் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் 10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ.யை நெருங்குவதைக் காட்டியது. பிஇஓவோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு. நல்ல முடிவுதான். ஆனால் இதை லாரிக் கணக்கில் யார் தயாரிப்பது?

இரண்டாவது கட்டம் 2002-இல் வந்தது. அணு இடமாற்றத் தனியுறுப்புப் பலபடியாக்கல் என்று நீளமான பெயர். தனியுறுப்பு என்றால் இணையில்லாத எலக்ட்ரானோடு நிற்கும், சட்டென்று வினைபுரியும் துண்டு. தாமிர உப்பை வினையூக்கியாக வைத்துச் சங்கிலியை அடக்கி வளர்க்கும் முறை. கடுங்குளிர் தேவையில்லை, தண்ணீரைக் கண்டு அவ்வளவு பயமும் இல்லை. ஆனால் தாமிரம் உள்ளே தங்கிவிடும். கரைசல் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும், அலுமினா நிரப்பிய குழாயில் திரும்பத் திரும்ப ஓட்டி வெளுக்க வேண்டும். பூச்சுப் பாலிமரில் கொஞ்சம் தாமிரம் தங்கினால் யாருக்கும் கவலை இல்லை. பேட்டரியில் அப்படி விடமுடியாது, ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் அது தன் வேலையைக் காட்டும்.

மூன்றாவது கட்டம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 2004, 2005 வாக்கில் அவர்கள் தொகுதி அமைப்பையே விட்டுவிட்டு ஒட்டு இணைபாலிமருக்கு வந்தார்கள்.

ஒட்டு என்றால் ஒட்டுமாங்கன்று நினைவுக்கு வரும். அதில் வேர் ஒரு மரத்தினுடையது, கனி இன்னொரு மரத்தினுடையது. பாலிமரில் தண்டு ஒரு வகை, அதில் தொங்கும் கிளை இன்னொரு வகை. கிளையைத் தண்டோடு சேர்க்க மூன்று வழி உண்டு. தண்டையும் கிளையையும் தனித்தனியாகச் செய்து ஒட்டலாம்; தடித்த கிளைகள் நெருங்கி வர இடமில்லாமல் பாதி இடம் காலியாக நின்றுவிடும். தண்டில் முளைகளை வைத்து அங்கிருந்தே கிளைகளை வளர்க்கலாம். அதற்கு மறுபடியும் தாமிரம், மறுபடியும் சுத்திகரிப்பு. மூன்றாவது வழி, கிளையை முதலிலேயே செய்து, அதன் ஒரு முனையில் பலபடியாகக்கூடிய இரட்டைப் பிணைப்பை வைத்துவிட்டு, பிறகு அந்த முனைகளைக் கோப்பது. மல்லிகைச் சரம் கட்டுகிற வேலைதான். பூ ஏற்கெனவே தயார். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே நார் என்று தனியாக ஒன்று இல்லை. காம்புகளே ஒன்றோடொன்று பிணைந்து நாராகிவிடுகின்றன.

சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு ஒற்றைப்படி; இப்படி முனையில் இரட்டைப் பிணைப்போடு வரும் கிளைக்குப் பெரு ஒற்றைப்படி என்று பெயர். இரண்டு வகை பெரு ஒற்றைப்படிகள் எடுத்தார்கள். ஒன்று, ஒன்பது ஆக்சிஎத்திலீன் அலகு (பிஇஓ சங்கிலியின் கண்ணி) கொண்ட போயத்தின் ஒற்றைப்படி. இன்னொன்று, ஒரு முனையில் மெத்தாக்ரிலேட் வைத்த சிலிகோன் எண்ணெய், அதாவது பாலிடைமெத்தில் சிலாக்சேன், பிடிஎம்எஸ். இரண்டையும் 70-க்கு 30 என்ற எடை விகிதத்தில் கலந்து, சாதாரணத் தனியுறுப்புப் பலபடியாக்கலில் கோத்தார்கள். இரண்டுமே கடையில் கிடைக்கும் பொருள். குளிர்க் குளியல் இல்லை, தாமிரம் இல்லை.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒற்றைப்படி பாட்டிலில், வழியிலேயே பலபடியாகிவிடாமல் இருக்கத் தடுப்புப் பொருள் ஒன்று சேர்த்திருப்பார்கள். கார அலுமினா நிரப்பிய சின்னக் குழாயில் ஓட்டி அதை எடுத்துவிட வேண்டும். போயத்துக்கும் சிலிகோனுக்கும் ஒத்துப்போகாது, எனவே இரண்டையும் கரைக்கும் எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான் வேண்டும். கலவை தெளிவாக இல்லாமல் கலங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோப்பதற்கு முன்பே பிரிந்து நிற்கும் பொருள்கள் கோத்த பிறகு சேர்ந்திருக்கும் என்று நம்புவது வீண். அரை மணிக்கு மேல் நைட்ரஜனைக் குமிழிவிட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும். தொடக்கியாக ஏஐபிஎன், ஒற்றைப்படியின் எடையில் சிறு பின்னம். 65-இலிருந்து 75 டிகிரிக்குள் எண்ணெய்க் குளியலில் ஒரு நாள். 65 டிகிரியில் ஏஐபிஎன்னின் அரை ஆயுள் சுமார் பத்து மணி நேரம், ஆகவே சாயங்காலம் ஏற்றிவிட்டுப் போனால் இரவெல்லாம் நிதானமாக வேலை நடக்கும்.

நிதானமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் ஒருமுறை கரைப்பானை மிச்சம் பிடிக்கலாம் என்று பாதியாகக் குறைத்தேன். மறுநாள் காலையில் குடுவையைக் கவிழ்த்தால் எதுவும் விழவில்லை. ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசி மாதிரி ஆடிக்கொண்டு நிற்கிறது. எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை. போயத்தின் ஒற்றைப்படியில் இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு கொஞ்சம் மாசாகக் கலந்திருக்கும், அது இரண்டு தண்டுகளைக் கட்டிப்போடும். போதாததற்குக் கிளையின் ஆக்சிஜன் பக்கத்து ஹைட்ரஜனைத் தனியுறுப்பு பிடுங்கி அங்கிருந்தும் ஒரு கிளை முளைக்கும். கரைசல் அடர்த்தியாக இருந்தால் இவை எல்லாம் சேர்ந்து ஒரே வலை. அன்றைக்குப் போனது ஒரு வார வேலை, கூடவே ஒரு நல்ல குடுவை.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதில்லை. போயம் ஒற்றைப்படியின் மூலக்கூறு எடை 475. பிடிஎம்எஸ் கிளையின் எடை 10,000 என்று வைத்துக்கொள்வோம். எடையில் 70-க்கு 30 என்றால் எண்ணிக்கையில் 49 போயம் கிளைக்கு ஒரே ஒரு சிலிகோன் கிளை. அப்படியானால் தண்டு ஐம்பது அறுபது அலகு நீளத்தில் நின்றுவிட்டால், சிலிகோனே இல்லாத சங்கிலிகள் கணிசமாக இருக்கும். அவை வெறும் போயம், வழியும். ஆகவே தண்டு சில நூறு அலகாவது வளர வேண்டும், அதற்குத் தொடக்கியைக் குறைக்க வேண்டும், குறைத்தால் மிஞ்சிய ஆக்சிஜன் தொடக்கியைத் தின்றுவிடும். அதனால்தான் அந்த நைட்ரஜன் அரை மணி நேரம். எளிய முறை என்றால் அலட்சியமாகச் செய்யலாம் என்று பொருள் இல்லை.

வினை முடிந்ததும் பெட்ரோலியம் ஈதரில் ஊற்றி வீழ்படிவாக்குவார்கள். கோக்கப்படாமல் மிஞ்சிய சிலிகோன் ஈதரோடு போய்விடும். மிஞ்சிய போயம் ஒற்றைப்படிதான் தொல்லை. அதுவும் ஈதரில் கரையாது, பாலிமரோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துகொள்ளும். காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் 5.6, 6.1 பிபிஎம் பக்கம் இரண்டு சின்ன முகடுகள் தெரிந்தால் அது உள்ளே இருக்கிறது என்று பொருள். நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் சுத்தம் மட்டும் அல்ல. மிஞ்சிய ஒற்றைப்படி ஒரு எண்ணெய், கரைப்பான் மிச்சமும் அப்படித்தான், ஈரமும் அப்படித்தான். மூன்றுமே சங்கிலிகளை இளக்கி, கடத்துதிறனைத் தூக்கிக் காட்டும். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் துறைகளில் பாலிமர் மின்பகுளி ஆய்வேடுகள் ஏராளம். பிஇஓவோ பாலிவினைல் ஆல்கஹாலோ எடுத்து, உப்பைக் கலந்து, பெட்ரி தட்டில் வார்த்து, மின்மறுப்பு அளந்து எழுதுகிறார்கள். அதில் உழைப்பு இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் திறந்த அறையில் அளந்த படலத்தின் கடத்துதிறன் என்று யாராவது ஒரு பெரிய எண்ணைக் காட்டினால், அதில் எவ்வளவு பாலிமருக்குச் சொந்தம், எவ்வளவு காற்றின் ஈரத்துக்குச் சொந்தம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. இந்த வேலைக்குச் சேர்க்கும் லித்தியம் உப்புகள், அதிலும் டிஎஃப்எஸ்ஐ என்ற உப்பு, ஈரத்தை வெல்லம் மாதிரி இழுக்கும்.

எனவே பாலிமரை வெற்றிடத்தில் 70, 80 டிகிரியில் சில நாள் உலர்த்தி, ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய்த்தான் உப்பைச் சேர்க்க வேண்டும். போயத்தின் கிளையில் உள்ள இருபது ஆக்சிஜனுக்கு ஒரு லித்தியம் என்பது வழக்கமான அளவு. ஒரு கிராம் போயத்தில் ஏறத்தாழ 0.018 மோல் ஆக்சிஎத்திலீன் அலகு இருக்கிறது, அப்படியானால் 0.0009 மோல் லித்தியம் வேண்டும். டிரிஃப்ளேட் உப்பு என்றால் 0.14 கிராம், டிஎஃப்எஸ்ஐ என்றால் 0.26 கிராம். இதற்கு மேல் உப்பைப் போட்டால் அயனிகள் கூடும்தான், ஆனால் ஒவ்வொரு லித்தியமும் நாலைந்து ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சங்கிலி விறைக்கும். ரொம்பச் சட்டிகளை ஒரே நேரத்தில் கொடுத்தால் வரிசை நின்றுபோகும்.

ஒட்டு முறையில் கிடைத்த பொருள் எப்படி இருந்தது? வெப்ப அளவியல், எலக்ட்ரான் நுண்ணோக்கி, நியூட்ரான் சிதறல் மூன்றும், போயமும் சிலிகோனும் இருபது முப்பது நானோமீட்டர் இடைவெளியில் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டின. சங்கிலி நீளம் ஒன்றுபோல இல்லை. சிலிகோன் கிளை எந்த இடத்தில் வரும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. ஒரு சங்கிலியில் இரண்டு, ஒன்றில் எட்டு. இருந்தும் திட்டுகள் அமைந்தன, பொருள் ரப்பர் மாதிரி நின்றது, கடத்துதிறன் தொகுதிப் பாலிமரின் பக்கத்திலேயே இருந்தது. சிலிகோனின் கண்ணாடியாகும் வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே போனால் சங்கிலிகள் நெளியாமல் விறைத்துவிடும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரிக்கும் அப்பால். ஆகவே கடத்தாத பாகமும் பக்கத்தில் இருக்கும் போயத்தை விறைக்க வைக்காது. உருவத்தைக் காப்பது அதன் விறைப்பு அல்ல, கலக்க மறுக்கும் அதன் குணம்.

சரியான ஒழுங்கு இல்லாமல் எப்படி வேலை நடந்தது என்றால், அயனிக்கு அந்த ஒழுங்கு தேவையே இல்லை. அதற்கு வேண்டியது தொடர்ந்து போகும் ஒரு வழி, நெளியும் சங்கிலி, அவ்வளவுதான். எடையில் 70 பங்கு போயம் இருக்கும்போது வழி அறுந்துபோக வாய்ப்பு குறைவு. தடுப்புச்சுவர் நேராக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் தண்ணீர் போகும். முதல் கட்டத்தில் பட்ட பாடெல்லாம் சுவரை நேராக்கத்தான்.

இப்போது எண்களுக்கு வருவோம், ஏனென்றால் இந்த வேலையின் வரம்பும் அங்கேதான் இருக்கிறது. 10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ. என்பதை ஒரு பேட்டரிக்குள் வைத்துப் பார்க்கலாம். 100 மைக்ரான் தடிப்பு, ஒரு சதுர செ.மீ. பரப்பு. மின்தடை 1,000 ஓம். சதுர செ.மீ.க்கு 0.1 மில்லிஆம்பியர் எடுத்தால் மின்பகுளியிலேயே 0.1 வோல்ட் போய்விடும். பரவாயில்லை. ஒரு மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு வோல்ட் போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தின் மொத்த மின்னழுத்தமே சுமார் 3.4 வோல்ட். படலத்தை 20 மைக்ரானுக்கு மெலிதாக்கினால் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். ரப்பர் குணம் இங்கே உதவுகிறது, மெலிதாக வார்த்தாலும் கிழியாது. ஆனாலும் கைபேசியை அரை மணியில் ஏற்றும் வேகத்துக்கு இது காணாது.

மிச்ச வழி ஒன்றுதான், சூடு. இத்தகைய பாலிமர்களில் கடத்துதிறனின் மடக்கை எண்ணை வெப்பநிலையின் தலைகீழ் எண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வராது, வளைகோடு வரும். வோகல், டாம்மன், ஃபுல்ஷர் மூவர் பெயரில் உள்ள சமன்பாடு அந்த வளைவுக்குப் பொருந்தும். அயனி தனியாகத் தாண்டிக் குதிப்பதில்லை, சங்கிலியின் நெளிவைச் சார்ந்தே போகிறது என்பதற்கு அந்த வளைவே அடையாளம். கண்ணாடியாகும் வெப்பநிலையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறோம் என்பதுதான் கணக்கு. அதனால் அந்த வெப்பநிலையையே கீழே தள்ள முடியுமா என்று பார்த்தார்கள். 2013-இல் ஹூ, கபுட்டோ, சாடோவே வெளியிட்ட வேலையில் மெத்தாக்ரிலேட் தண்டுக்குப் பதில் அக்ரிலேட் தண்டு. ஒரு மெத்தில் தொகுதி குறைந்தால் தண்டு இன்னும் தாராளமாக வளையும். போயம் என்பது போயா ஆனது. கவிதைக்குக் கிடைத்த அழகு இதற்குக் கிடைக்கவில்லை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த சோதனை, கடையில் கிடைக்கும் எல்பி30 என்ற திரவ மின்பகுளியோடு நேருக்கு நேர் ஓட்டிப் பார்த்தது. அறை வெப்பநிலையில் திரவம் வென்றது. ஒட்டுப் பாலிமர் கலத்தில் மின்னழுத்த இழப்பு தெளிவாக அதிகம். அதை மறைக்கவில்லை. 60 டிகிரிக்கு மேல் போனதும் நிலைமை மாறியது. பாலிமர் கலத்தின் இழப்பு வெகுவாகக் குறைந்தது, நேர்மின்முனையில் இருந்த இரும்பு பாஸ்பேட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவான கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணியில் ஏறக்குறைய முழுவதும் கிடைத்தது. திரவத்துக்கு அந்தச் சூடு ஆகாது. அதில் பாதியாக இருக்கும் டைமெத்தில் கார்பனேட், அறை வெப்பநிலையிலேயே தீப்பொறிக்குப் பற்றக்கூடியது. எது தோற்கும் இடத்தில் எது ஜெயிக்கிறது என்று தெரிந்துகொண்டு களத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வண்டியின் இன்ஜின் பக்கம், எண்ணெய்க் கிணறு மாதிரியான சூடான இடங்கள்.

தீராமல் நின்ற இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, எதிரயனியின் ஓட்டம், அதாவது உப்பில் லித்தியத்தோடு ஜோடியாக வரும் எதிர்மின் அயனியின் ஓட்டம். இந்தப் பாலிமர்களில் பாயும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி லித்தியத்துடையது அல்ல. வெறுமனே ஒதுங்கி நிற்க வேண்டிய எதிரயனி ஓடி ஒரு பக்கம் குவிகிறது. எதிரயனியைப் பாலிமரிலேயே கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். கட்டும் இடத்தைக் கடத்தாத பாகத்தில் வைத்தால் போயத்தின் நெளிவு கெடாது என்று கண்டது புத்திசாலித்தனமான வேலை. ஆனால் மொத்தக் கடத்துதிறன் இறங்கியது.

இரண்டு, லித்தியம் முள். மின்னேற்றும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளரும். திடப்பொருள் என்றால் அதைத் தடுத்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். சார்ல்ஸ் மன்ரோ, ஜான் நியூமன் இருவரும் 2005-இல் போட்ட கணக்குப்படி, தடுக்க வேண்டுமானால் மின்பகுளியின் சறுக்கு விறைப்பு (பக்கவாட்டில் தள்ளினால் உருவம் மாறாமல் நிற்கும் திறன்) லித்தியத்தினுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்க வேண்டும். அது ஜிகாபாஸ்கல் கணக்கு. ரப்பர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெர்க்லியின் நிதாஷ் பால்சாரா விறைப்பான பாலிஸ்டைரீனைக் கடத்தாத பாகமாக வைத்து வேறு பாதையில் போனதற்கு இதுவே காரணம். அந்த ஆராய்ச்சியிலிருந்து 2007-இல் பிறந்த சீயோ நிறுவனத்தை 2015-இல் பாஷ் வாங்கியது.

சந்தைக்கு வந்த இந்த வகை பாலிமர் பேட்டரிகளில் பெயர் பெற்றது பிரான்ஸின் பொலோரே நிறுவனத்துடையது. 2011 முதல் 2018 வரை பாரிஸில் ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இருந்தது பிஇஓ வகை மின்பகுளி. பேட்டரி சூடாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கும்போதும் மின்கம்பியில் மாட்டியே வைப்பார்கள். 2022 ஏப்ரலில் அதே குடும்ப பேட்டரி கொண்ட இரண்டு பேருந்துகள் பாரிஸில் எரிந்தன, 149 பேருந்துகளைச் சேவையிலிருந்து எடுத்தார்கள். திரவம் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது லித்தியம் உலோகம் என்பதை மறக்கக் கூடாது.

ஒட்டுப் பாலிமரின் பக்கம் என்ன ஆனது? 2013 கட்டுரையின் முதல் ஆசிரியர் சீச்சாவ் ஹூ அதற்கு முந்தைய ஆண்டே சாலிட்எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பெயரிலேயே திடம் இருந்தது. பிற்பாடு அது எஸ்.இ.எஸ். என்று சுருங்கி 2022-இல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறியது. அப்போது அவர்கள் முன்வைத்த லித்தியம் உலோகக் கலத்தில் இருந்த மின்பகுளி, உப்பை மிக அடர்த்தியாகக் கரைத்த ஒரு திரவம்.